ஏழு பாம்பு, ஒன்பது மான்

இல்லீங்க ஐயா, நான் சாட்சி சொல்ல வரல. நீங்க ஆளனுப்பினது அதுக்குத்தான்னு தெரியும். மத்தியானம் மழைச்சாமி கோயில்காரங்க படகுல வர்றாங்க, அதுக்குள்ள மருத்துவச்சி வந்து மண்ணைத் தொட்டு நாக்குல வச்சு, அந்தப் பையன் எந்த நாள்ல பொறந்தான்னு சத்தியமாச் சொல்லணும். அதானே? உங்க ஆளு ஒரு வார்த்தை விடாம ஒப்பிச்சிட்டான். ஆனா என் கக்கத்துல இருக்கறதைப் பாருங்க. புதுப் பாய். கோரை வாசம்கூட இன்னும் போகல. இந்த முடிச்சுல வெள்ளைக் குங்கிலியம். விறகு படகுல கிடக்கு, எடுத்துட்டு வந்துடறேன்.

ஆமாங்க. அழுக்கைக் கொட்டத்தான் வந்திருக்கேன்.

சிரிக்கறீங்களா? சிரிங்க. கால்வாய்க் கரை முழுக்க இந்நேரம் சிரிச்சிட்டுதான் இருக்கும். பாயைக் கக்கத்துல வச்சிட்டு நாள் பாக்கறவர் வீட்டுக்கு ஒரு பொம்பளை போனா எதுக்குன்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும். அந்தச் சோள உருண்டை விக்கற சென்தேவா எட்டிப் பாத்துக் கேக்கறா, என்னடி தெயிகூ, எவன்டி அவன், இத்தனை வருசமா எங்களுக்கே தெரியாமன்னு. உன் புருசன்தான்டீன்னு சொல்லிட்டு வந்தேன். நாலு நாளைக்கு அவளுக்குத் தூக்கம் வராது.

தெரியும்ங்க. ஆயுசுக்கு ஒரு தடவைதான். இன்னிக்கு கொட்டிட்டா அப்புறம் நான் என்ன செஞ்சாலும் கழுவ வழி இல்ல. அதனாலதான எல்லாரும் பல்லு கொட்டற வரைக்கும் பொத்தி வச்சிருக்காங்க. நம்ம பேட்டை உப்புக்காரக் கிழவரு ஞாபகம் இருக்கா? இன்னும் ஒண்ணே ஒண்ணு பண்ணிட்டு மொத்தமாக் கொட்டிடறேன், இன்னும் ஒண்ணே ஒண்ணுன்னு தள்ளிப் போட்டு, கடைசில பாயோட உங்க வீட்டுக்கு வர்ற வழியில படகுலயே வாயப் பொளந்துட்டாரு. அவர் பாவத்தை எல்லாம் மீனுதான் கேட்டிருக்கும்.

நாப்பது வயசு எனக்கு. சின்ன வயசுதான். ஆனா எனக்கு இன்னிக்கே ஆகணும். நல்ல நாள் பாக்கணும்னு தள்ளிப் போடாதீங்க. விரல் விட்டு எண்ணிப் பாத்துட்டுத்தான் வந்தேன், கெட்ட நாள் இல்ல. வந்தவங்களைத் திருப்பி அனுப்பினா அழுக்குத்தின்னி அம்மா கோவிச்சுக்குவான்னு நீங்கதான சொல்வீங்க? அவ எங்க தொழிலுக்கும் தாய்தானே ஐயா. வெந்து வேர்க்கிற பிரசவக் குடிசையில, வாசல் நெலை மேல, அவ மூஞ்சிதான் இருக்கு. ஊரு அழுக்கைத் தின்னு தின்னு வாயைச் சுத்திக் கருப்பா இருக்கற மூஞ்சி. சின்னதுல பயமா இருக்கும். இப்ப, அந்த ஒரு சாமிதான் நம்மகிட்ட நல்லதைக் கேக்காம கெட்டதைக் கேக்கறான்னு தோணுது.

சரி, பாயைப் போட்டுட்டேன். நெருப்பு நல்லா பிடிக்கட்டும். இந்தாங்க குங்கிலியம். நீங்க அந்த வார்த்தையைச் சொல்லிடுங்க முதல்ல. சாமிகளே, உங்க அடிமை ஒருத்தி அழுதுக்கிட்டு வந்திருக்கா, அவ நாத்தத்தை வாங்கிக்கங்கன்னு சொல்வீங்களே. அதைச் சொன்னதுக்கு அப்புறம் கேக்கறது நீங்க இல்லல்ல? உங்க காது அவ காது. நான் எழுந்து போனதும் உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. வெளிய ஒருத்தர்கிட்டயும் வராது.

இல்ல, சும்மா கேட்டேன். சொல்லுங்க.

ம்.

மண்ணைத் தொட்டுட்டேன். நாக்குல வச்சிட்டேன்.

முதல்ல சின்னது. ஒரு பேர் வைக்கிற விருந்துல கத்தாழைக் கள்ளு குடிச்சேன். அஞ்சு கிண்ணம். கிழவிங்க மட்டும் குடிக்கலாம்னு தெரியும், இருட்டு மூலையா உக்காந்து கிழவி மாதிரி இருமிக்கிட்டே குடிச்சேன். அப்புறம், ஆமா, ஒருத்தன் இருந்தான். என் வீட்டுக்காரர் செத்து ஒரு வருசம்கூட ஆகல. அவனுக்குப் பொண்டாட்டி இருந்தா. பேர் சொல்லணுமா? அவனும் இப்ப இல்ல. ஏரிக்கரையில, நாணலுக்குள்ள, நாலு தடவை. அஞ்சு. வெளிய தெரிஞ்சிருந்தா ரெண்டு பேர் தலையையும் கல்லைப் போட்டு நசுக்கியிருப்பாங்க. சென்தேவா இதைக் கேட்டா திருவிழாவே கொண்டாடுவா.

இதுக்கா வந்தேன்னு பாக்கறீங்க. இல்லீங்க. இதை இன்னும் முப்பது வருசம் வச்சிருந்திருப்பேன்.

தண்ணி குடிச்சுக்கட்டுமா? தொண்டை வறளுது. இந்த வருசம் கால்வாய்த் தண்ணியே பச்சையா நாறுது. ரெண்டு வருசமா வானம் செப்புச் சட்டி மாதிரி இருக்கு. தோட்டத்துல சோளம் முழங்காலுக்கு மேல வரல. சனங்க பாசியை வழிச்சுத் தின்னுதுங்க. புரியுது எனக்கு. மலையில இருக்கறவன் கேக்கறான், குடுத்தாகணும். மழைச்சாமி தலாலோக் சும்மா குடம் கவுக்க மாட்டான். நான் ஒண்ணும் சாமி இல்லன்னு சொல்றவ இல்ல ஐயா. இருக்கறதனாலதான் இவ்வளவு பயம்.

என் வீட்டுல வளர்ற பையனை உங்களுக்குத் தெரியும், பொறந்த நாளே அவனுக்குப் பேரு. ஒன்பது மான். உச்சந்தலையில ரெட்டைச் சுழி, பளிச்சுன்னு, ரெண்டு நீர்ச்சுழி மாதிரி. யாரும் ஒளிக்கல, ஊருக்கே தெரியும். ஆனா சுழி மட்டும் இருந்தாப் போதாதே. நல்ல நாள்லயும் பொறந்திருக்கணும். ரெண்டும் சேந்த புள்ளையைத்தான் மழைக்காரன் வாங்குவான். இவன் பொறந்தது கெட்ட நாள். திருடனாப் போவான், இல்ல கோள்மூட்டியாப் போவான்னு நீங்களே பாத்துச் சொன்னீங்க. தெருப் பசங்க கூப்பிடறதே, டேய் ஒன்பது மானே, இன்னிக்கு யார் வீட்டு வான்கோழியடான்னுதான். மூணு வயசுல அவனுக்கு என்ன தெரியும்? கைய விரிச்சுக் காட்டறான், கோழி இல்லன்னு.

அந்தக் கெட்ட நாள்தான் அவனை மூணு வருசமாக் காப்பாத்துது. இப்ப சென்தேவா வந்து உங்ககிட்ட சொல்லியிருக்கா, அதுக்கு ரெண்டு நாள் முன்ன, நல்ல நாளான ஏழு பாம்பு அன்னிக்கே அந்தக் குடிசையில குழந்தை அழுத சத்தம் கேட்டுச்சுன்னு. சோளத்தாய் நாள், விதைக் கதிரைக் கட்டித் தொங்கவிட்டுட்டிருந்தேன், அதனால நல்லா ஞாபகம் இருக்குன்னு. அவ கெட்டவ இல்ல. அவளுக்கு நாலு புள்ளைங்க, நாலும் வயித்தைப் புடிச்சிட்டு உக்காந்திருக்கு. மழை வரணும் அவளுக்கு.

அவ பேச்சை மட்டும் வச்சு நாளை மாத்த மாட்டேன்னு நீங்க சொன்னீங்களாம். புள்ளை எந்த நாள்ல மண்ணுக்கு வந்துச்சுன்னு சொல்ற வாய் மருத்துவச்சி வாய் ஒண்ணுதான், அவ வரட்டும்னு. நியாயந்தான். நீங்க எப்பவும் நியாயந்தான்.

பொய்ச் சத்தியம் பண்ணத் துணிஞ்சுதான் இருந்தேன். விடியக்காலம் எழுந்து மண்ணை எடுத்து நாக்குல வச்சுப் பழகிப் பாத்தேன். ஒன்பது மான் அன்னிக்குப் பொறந்தான். ஒன்பது மான் அன்னிக்குப் பொறந்தான். பையன் முழிச்சுப் பாத்துட்டு, அத்தே மண்ணு திங்குதுன்னு சிரிக்கறான். எனக்குச் சொல்ல வரல. சொன்னாலும் நீங்க கண்டுபிடிச்சிருவீங்க. இருபது வருசமா என் மூஞ்சியைப் பாக்கறீங்க.

ஐயா, ஒண்ணு கேக்கட்டுமா? சாமிங்க கூடி உக்காந்து, சூரியனாகறதுக்கு யாரு தீக்குள்ள குதிக்கறீங்கன்னு கேட்ட கதையை நீங்கதான பேட்டைக் கூடத்துல சொல்வீங்க. நகை போட்ட சாமி நாலு தடவை ஓடி வந்து நாலு தடவையும் அனல் பட்டதும் நின்னுட்டான். சொறி பிடிச்ச சாமி கண்ணை மூடிக்கிட்டு ஒரே குதி. அதைக் கேக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். ஆனா அவனா குதிச்சான் ஐயா. ஓடி வந்தான், அவனா குதிச்சான். யாரும் இடுப்புல தூக்கிட்டுப் போகல. மிட்டாய் மாதிரி தேன் தடவிக் குடுத்து, பூ வச்சு, சிறகு கட்டி, பல்லக்குல...

சரி. பேசல. நீங்க அந்தப் பக்கம் திரும்பாதீங்க. புகை கண்ணுல பட்டா இந்தப் பக்கம் உக்காருங்க.

உங்க மக ஷிலோத்தை என் கைதான் முதல்ல தொட்டுது. குழந்தை தலையைத் துடைச்சேன், சுழி ரெண்டு இருந்துச்சு, வெளிய வந்து எல்லார் முன்னாடியும் சொன்னேன். சந்தோசமாச் சொன்னேன். மருத்துவச்சி பாத்ததைச் சொல்லணும், அதான் முறை. கோயில்ல இருந்து என்னைக் கூப்பிட்டு நல்லவள்னு சொன்னாங்க. நீங்க புத்தகத்தை விரிச்சீங்க. சொந்தப் புள்ளைக்கு நீங்களே நாள் பாத்தீங்க. மூணு தடவை எண்ணினீங்க, நான் பாத்தேன். ஆனா மாத்திச் சொல்லல. ஏழு பாம்புன்னு சொன்னீங்க. சுழியைச் சொன்னது நான், நாளைச் சொன்னது நீங்க. நாம ரெண்டு பேரும் ஒரு தப்பும் பண்ணல.

அவளுக்கு நாலு வயசு ஆனப்ப வந்தாங்க. பல்லக்குல அவ அழுதுக்கிட்டே போனா. கரையில நின்ன சனமெல்லாம் குலவை போடுது, அழறா, அழறா, இந்த வருசம் மழைதான்னு. நீங்க நேரா நின்னீங்க. உங்க வீட்டம்மா பாயில விழுந்து கிடந்தாங்க, நான் தலையைப் பிடிச்சிட்டிருந்தேன்.

மழை பெய்ஞ்சுச்சு. அதான் ஐயா கொடுமை. பெய்யாம இருந்திருந்தா நான் யாரையாவது திட்டியிருப்பேன். மூணாம் நாள் ஏரி நெறஞ்சு தளும்புற மாதிரி பெய்ஞ்சுச்சு. உங்க வீட்டம்மா வாசல்ல போய் நின்னு நனைஞ்சாங்க. கூப்பிட்டா உள்ள வரல.

இதைக் கொட்ட முடியுமான்னு ரொம்ப நாள் யோசிச்சேன். முடியாது. அழுக்குத்தின்னி கள்ளு குடிச்சதைத் திம்பா, நாணல்ல படுத்ததைத் திம்பா. நான் ஷிலோத் தலையில சுழி இருக்குன்னு சொன்னதைத் திங்க மாட்டா. அது பாவமே இல்லையே. அதுக்குத்தான் எனக்குப் பேர் குடுத்தாங்களே. அது இங்கயேதான் கிடக்கும், நெஞ்சுக்குழியில, செரிக்காம.

சரி. இப்ப பெருசு.

மோசேல். அந்தப் பையனைப் பெத்தவ. வீட்டுக்காரன் சண்டைக்குப் போனவன் திரும்பி வரல, மாமியார் கிடையாது, ஒத்தைக் கட்டை. வலி வந்ததும் நானும் அவளும் மட்டும் குடிசைக்குள்ள. புள்ளை சீக்கிரம் வந்துருச்சு. விடியறதுக்குள்ள. நல்ல சதைப்பிடிப்பு. நான் தலையைத் துடைச்சேன். ரெண்டு சுழி. கை அப்படியே நின்னுச்சு.

புள்ளை விழுந்ததும் மருத்துவச்சி வெளிய வந்து போர்க்குரல் குடுக்கணும். வீரன் கைதியைப் பிடிச்ச மாதிரி இவ புள்ளையைப் பிடிச்சிட்டான்னு ஊருக்குச் சொல்ற குரல். அதுல இருந்துதான நாள் கணக்கு. வாயைத் தொறந்தேன். மோசேல் என் காலைப் பிடிச்சா. அவளும் பாத்துட்டா. இன்னிக்கு என்ன நாள்னு கேட்டா. சொன்னேன். அக்கா, கூவாதேன்னா.

ரெண்டு நாள் ஐயா. ரெண்டு நாள் அந்தக் குரலைத் தொண்டையில வச்சிருந்தேன். கதவை உள்பக்கம் கட்டிட்டேன். வெளிய யார் கேட்டாலும் இன்னும் ஆகல, காத்து நுழைஞ்சா கெட்டுப் போகும், போங்கன்னு சொன்னேன். புள்ளை சிணுங்கினா அவ பால் குடுப்பா, நான் வலி எடுத்த மாதிரி முனகுவேன். ஒரே ஒரு தடவை அது கத்திருச்சு. அதைத்தான் சென்தேவா கேட்டிருக்கா.

முதல் நாள் சாயங்காலம் அவளுக்கு ரத்தம் போக ஆரம்பிச்சுது. கொஞ்சமா, அப்புறம் நிறைய. என்கிட்ட இருந்த, ரத்தம் நிறுத்தற மரப்பட்டை தீந்துபோச்சு. எங்க வீட்டு மச்சுல ஒரு கட்டு இருந்துச்சு. கால்வாயைத் தாண்டினா என் வீடு. இதோ, இங்க இருந்து உங்க படித்துறை தூரந்தான். ஆனா கதவைத் தொறந்தா எட்டிப் பாக்க நாலு பொம்பளைங்க நின்னாங்க. நான் எந்திரிச்சேன். அவ என் துணியைப் பிடிச்சு உக்கார வச்சா. இன்னும் ஒரு நாள் அக்கா, கெட்ட நாள் வந்துரட்டும்னா. நான் உக்காந்தேன். அதான் ஐயா. அவ சொன்னா, நான் உக்காந்தேன். ஒரு கட்டுப் பட்டையில நின்னிருக்கும் அது. எத்தனை பேருக்கு நிறுத்தியிருக்கேன்.

ஒன்பது மான் விடிஞ்சப்ப அவ இல்ல. அப்பத்தான் வெளிய வந்து கூவினேன். ஊரே சொல்லுச்சு, மருத்துவச்சி எப்படிக் கூவுறா பாரு, உடம்பே அதிருதுன்னு.

உங்களைக் கேக்காம அன்னிக்கே தண்ணி ஊத்திப் பேரும் வச்சிட்டேன். நீங்க வந்து என்னைத் திட்டினீங்களே, ஒரு நாள் பொறுத்துப் பேர் வச்சிருந்தா பத்து முயல் நாள், தோஷமே கழிஞ்சிருக்கும், கூறு கெட்டவளேன்னு. புள்ளை நீலம் பாரிச்சுது, பொறுக்க முடியலன்னு சொன்னேன். நீலம் எல்லாம் இல்லீங்க. செக்கச்செவேல்னு தூங்கிட்டிருந்தான். நீங்க தலையில அடிச்சுக்கிட்டே எழுதினீங்க.

மோசேலைப் பிரசவத்துல செத்தவன்னு கேடயம் பிடிச்சுத் தூக்கிட்டுப் போய்ப் புதைச்சோம். அப்படிச் செத்தவங்கதான மத்தியானத்துல இருந்து சூரியனைத் தோள்ல வாங்கி மேற்க கொண்டு போறாங்க. பெத்து ரெண்டு நாள் கழிச்சுச் செத்தவளை அவங்க வரிசையில சேத்திருப்பாங்களா ஐயா? நான் சொன்ன பொய்யில அவளுக்கு இடம் இல்லாமப் போயிருக்குமோ? இப்ப உச்சி நேரந்தான். சேத்திருந்தா இந்நேரம் தோள் குடுத்திருப்பா.

இன்னொண்ணும் இருக்கு. இந்த ரெண்டு வருசம் மழை இல்லாதது இவனை நான் திருடி வச்சதனாலயான்னு தினம் நினைக்கறேன். சென்தேவாவோட கடைக்குட்டி கால் சூம்பிப்போய்க் கிடக்குது, அதைப் பாக்கும்போது நினைக்கறேன். நினைச்சுட்டு வீட்டுக்குப் போய் இவனுக்குப் பாதி ரொட்டி ஊட்டறேன். எனக்குப் பதில் தெரியல. தெரியாமலே ஊட்டறேன்.

அவ்வளவுதான். கொட்டிட்டேன்.

என்ன தண்டனை? நாக்குல துளை போட்டு நாணல் குச்சி இழுக்கணுமா? எத்தனை குச்சி? எண்பதா? இழுக்கறேன். நாக்குதான் கூவாம இருந்துச்சு, அதுக்கு வேணும்.

துடுப்புச் சத்தம் கேக்குதுல்ல? அவங்கதான். உங்க படித்துறையில கட்டறாங்க. பயப்படாதீங்க, பையன் என் படகுல மிச்ச விறகுக்குப் பக்கத்துல தூங்கறான், கூடவே கூட்டிட்டு வந்துட்டேன். விட்டுட்டு வர மனசு வரல. தலையைத் துணியால மூடல. மூடினா சந்தேகப்படுவாங்க.

ஐயா. உங்களைப் பொய் சொல்லச் சொல்ல மாட்டேன். சொந்தப் புள்ளைக்கே சொல்லாதவர்கிட்ட நான் எப்படிக் கேக்க? அதனாலதான் சாட்சியா வராம பாயோட வந்தேன். மருத்துவச்சி என்ன சொன்னான்னு கேட்டா, அவ அழுக்கைக் கொட்ட வந்தா, அது அம்மாகிட்ட போயிருச்சு, எனக்குத் தெரியாதுன்னு சொல்லலாம். அது நெசந்தான். இன்னொரு மருத்துவச்சி வாய் அந்தக் குடிசையில இல்ல. பையனுக்கு என்ன நாள்னு கேட்டா வாயால ஒண்ணும் சொல்ல வேணாம். நீங்க எழுதி வச்ச தாளை எடுத்து விரிச்சுக் காட்டுங்க. உங்க கையால வரைஞ்சதுதான்.

கூப்பிடறாங்க. போங்க.

அந்த மேல் தட்டுல, ஷிலோத் தாளுக்குக் கீழ இருக்கு. ஒன்பது புள்ளி, ஒரு மான் தலை.